முருகனிடம் கேஸ் கேட்டேன்

முருகன் அடியார்களுக்கு வணக்கம். வெள்ளிக்கிழமைகளில் வல்லக்கோட்டை கோயில் வரிசையில் என் முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். முருகன் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் சந்தோஷமாக எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத உட்கார்ந்து அழுது எழுந்து போய், மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் சுகன்யா. ஊர் குன்றத்தூர். எம்.எஸ்சி. சைக்காலஜி படித்தேன். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகவேண்டும், அதாவது மனம் நோயுற்று வருகிறவர்களை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்பது என் ஆசை. அதற்கு இன்னொரு படிப்பு படிக்கவேண்டும். சீட்டு மிகவும் குறைவு. நேர்முகத் தேர்வில் எதிரே இருந்த அம்மையார் என் மார்க்கைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, “நேர்ல எத்தனை பேஷன்ட் பாத்திருக்கீங்க?” என்று கேட்டார். ஒருவரையும் பார்த்ததில்லை. அனுபவத்தோடு அடுத்த வருடம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அனுபவத்துக்கு எங்கே போவது? ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. எங்கே போனாலும், இதற்கு முன் எங்கே வேலை பார்த்தாய் என்றுதான் கேட்டார்கள். அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இன்னாடி இது கூத்து? வேல குடுத்தாதான அனுபவம் வரும்? அனுபவம் வந்தாதான் வேலன்றானுங்க. உங்கப்பா கம்பெனில சேர்ந்தப்ப ஒருத்தனும் இப்டி கேக்கலியே!” என்றாள். அப்பா ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விடுவார். கூடப் படித்தவர்கள் எல்லாம் ஏதேதோ வேலைக்குப் போய்விட்டார்கள். நான் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். இந்தப் படிப்பை ஏன் படித்தோம் என்று வெறுத்துப்போனது.

அப்போதுதான் வல்லம் வடகால் பக்கத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் வேலை கிடைத்தது. மொபைல் போன் பாகங்கள் செய்யும் கம்பெனிக்காக, தெற்கத்திப் பக்கத்திலிருந்து வந்த பெண் பிள்ளைகள் தங்கியிருக்கும் ஹாஸ்டல். என் பதவிக்குப் பெயர் ‘நல அலுவலர்’. பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்டு ஆலோசனை சொல்லவேண்டும் என்றார்கள். தனியாக ஒரு அறையும் கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. போனதும் அறையில் இரண்டு நாற்காலிகளை எங்கள் பாடத்தில் சொன்ன மாதிரி சற்றே கோணலாக எதிரெதிரே போட்டு வைத்தேன்.

ஒருத்தியும் வரவில்லை. தண்ணீர் வரவில்லை, ரசத்தில் உப்பில்லை, மேல் மாடிக்காரிகள் பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று புகார் சொல்லத்தான் வந்தார்கள். நான் அங்கே வார்டன், அவ்வளவுதான். எதிர் நாற்காலியை வைத்துக்கொண்டு ஈ ஓட்டினேன்.

எங்கள் படிப்பில் நோயாளியைக் கேஸ் என்போம். எத்தனை கேஸ் பார்த்தாய், என்ன கேஸ், எப்படி முன்னேறியது, அதுதான் பேச்சு. எனக்கு ஒரு கேஸும் இல்லை. அடுத்த நேர்முகத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சிலர் வெள்ளிக்கிழமை வல்லக்கோட்டைக்குப் போவதைப் பார்த்து, நானும் அவர்களோடு கிளம்பினேன். சாமி கும்பிட்ட மாதிரியும் இருக்கும், பழகின மாதிரியும் இருக்கும். ஒரகடத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு போவோம். வழியெல்லாம் சிரிப்புதான். சும்மா சொல்லக்கூடாது, என் வாழ்க்கையிலேயே நல்ல வெள்ளிக்கிழமைகள் அவை.

சன்னதியில் ஓங்கி நிற்கிற முருகனை அண்ணாந்து பார்த்து நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? “முருகா, எனக்கு ஒரு நல்ல கேஸ் குடு” என்று. என் புத்தியை என்னவென்று சொல்வது? கேஸ் என்றால் யாரோ ஒருத்திக்கு வரப்போகிற வேதனை. அதைக் கொடு என்று கைகூப்பிக் கேட்டிருக்கிறேன். அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை. வேலை கேட்பது போலத்தான் கேட்டேன்.

பிள்ளைகளும் என்னோடு சேர்ந்து ஏழு வெள்ளிக்கிழமை வேண்டுதல் ஆரம்பித்தார்கள். அதில் ஒருத்தி மாரிச்செல்வி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். கம்பெனியில் அவளுடைய கான்ட்ராக்ட் முடியப்போகிறது, அதை நீட்டித்துத் தரவேண்டும் என்பது அவள் வேண்டுதல். வேலை போனால் ஊருக்குத் திரும்பவேண்டும், அங்கே கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தயாராக உட்கார்ந்திருந்தான். மெலிந்த உடம்பு, விறுவிறுவென்று நடப்பாள், சின்னச் சின்னத் திருகாணிகளைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவாள் என்று மற்ற பிள்ளைகள் சொல்வார்கள்.

ஒருநாள் ஆட்டோவில் ஒரு பெண், “யக்கா, நடுவுல ஒரு வாரம் வர முடியலன்னா என்ன செய்ய?” என்று கேட்டாள்.

“விட்டா போச்சு. திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்” என்றேன்.

யார் எனக்கு அப்படிச் சொன்னது? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை. எங்கேயோ காதில் விழுந்ததாக இருக்கும். எந்தக் குருக்களும் என்னிடம் சொன்னதில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கேட்டால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. படித்த அக்கா சொல்கிறாள் என்று பிள்ளைகளும் நம்பிவிட்டார்கள்.

ஐந்தாவது வெள்ளி முடிந்த பிறகு, ஒரு மத்தியானம் மாரிச்செல்வி என் அறைக் கதவைத் தட்டினாள். “யக்கா, தலவலி தாங்க முடியல. ரெண்டு மூணு நாளா விடாம வலிக்கு. தைலம் இருக்கா?” என்றாள். உட்காரச் சொன்னேன். அந்த எதிர் நாற்காலியில் முதன்முதலாக ஒருத்தி உட்கார்ந்தாள். தலைவலிக்குத் தைலம் கேட்டு வந்த பெண்ணைப் பார்த்து எனக்கு மனசுக்குள் சந்தோஷம். முருகன் கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன்.

எங்கள் பாடத்தில் படிப்படியாகக் கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு. உடம்பைப் பற்றி முதலில் கேட்கவேண்டும். உடம்பில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மனசுக்குப் போகவேண்டும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவள் நான். ஆனால் எனக்கு அவசரம். மாதவிலக்கெல்லாம் சரியாக வருகிறதா என்று போகிற போக்கில் கேட்டேன். “அதெல்லாம் சரியாத்தான்க்கா இருக்கு” என்று குனிந்துகொண்டாள். அதோடு விட்டேன். அப்பா குடிப்பாரா, யாரையாவது விரும்புகிறாயா, மாப்பிள்ளையை ஏன் பிடிக்கவில்லை என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டேன். மாப்பிள்ளை பற்றிச் சொல்லும்போது அழுதாள். ஆகா, மன அழுத்தம்தான் தலைவலியாக வருகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். கண்ணை மூடச் சொல்லி, மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து வெளியே விடச் சொல்லிக்கொடுத்தேன்.

மாரிச்செல்வியோடு ஒரே அறையில் இருக்கும் பெண் ஜோதி, இரண்டு பேருக்கும் ஒரே ஊர். அவள் வந்து, “யக்கா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவமா? அவ நேத்து வாந்தி எடுத்தா” என்றாள். நான் என்ன சொன்னேன் என்பதை எழுதவே கை வரவில்லை. “வேணாம்மா. ஊசி போட்டு அனுப்பிடுவாங்க. இது மனசு சம்பந்தப்பட்டது. நான் பாத்துக்கறேன்” என்றேன்.

ஆறாவது வெள்ளி அன்று கோயிலில் அவளால் நிற்க முடியவில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் அவள் தோளில் கை வைத்துவிட்டு உள்ளே போய் முருகனுக்கு நன்றி சொன்னேன். கேஸ் கொடுத்ததற்கு நன்றி.

அடுத்த வாரம் காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வந்து நின்றபோது, மாரிச்செல்வி படியில் ஏறக் காலை வைத்து அப்படியே சரிந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. பிள்ளைகள் அலறினார்கள். ஒருத்தி பேய் என்றாள், ஒருத்தி சாமி என்றாள். “தள்ளுங்க, ரெண்டும் இல்ல” என்று அதட்டினேன். அவர்கள் சொன்னதும் தப்பு. என் மனசில் இருந்ததும் தப்பு. அந்த நிமிஷத்திலும் அது எனக்கு உறைக்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் முதலுதவி செய்து, சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்சில் நானும் ஜோதியும் போனோம். அங்கே இளம் டாக்டர் ஒருவர் விசாரித்தார். நான் முந்திக்கொண்டு, “நான் சைக்காலஜிஸ்ட் சார். ரெண்டு வாரமா நான்தான் பாக்கறேன். ஸ்ட்ரெஸ். வீட்ல கல்யாணப் பிரச்சினை” என்றேன். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை.

“புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிட்டாங்களா?”

“இல்ல சார்.”

“நிச்சயமா தெரியுமா?”

“தெரியும் சார்.”

எனக்கு எப்படித் தெரியும்? நான் கேட்கவே இல்லையே! ஆனாலும் நான் சொன்னதை வைத்துத்தான் அவர் யோசித்தார். மனநலப் பிரிவிலிருந்தும் ஒருவரை வரச்சொல்லலாம், அதுவரை கவனிப்போம் என்றார். அவர்மேல் குறையில்லை. பார்த்துக்கொண்டிருந்தவளே அடித்துச் சொல்லும்போது அவர் என்ன செய்வார்?

மத்தியானத்துக்குள் மாரிச்செல்வி கூப்பிட்டால் கண் திறக்காத நிலைக்கு வந்துவிட்டாள். நர்ஸ் அவளுடைய வலது கையைத் தூக்கி விட்டார். அது தொப்பென்று மெத்தையில் விழுந்தது. மன அழுத்தம் இப்படி இருக்காது என்று அப்போதுதான் பயம் பிடித்தது. ஓடிப்போய் டாக்டரிடம், “சார், நான் சொன்னது தப்பா இருக்கலாம் சார்” என்றேன். “அப்ப வேற என்ன? எதையாவது விட்டுட்டீங்களா, யோசிச்சுச் சொல்லுங்க” என்றார். என்ன விட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை.

வார்டுக்கு வெளியே கை கழுவும் இடத்தில் நின்றேன். வேலூரிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் நோயாளிகளோடு வந்தவர்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே நின்று முருகனைக் கூப்பிட்டேன். “அப்பா, நான் கேட்டது தப்பு. எனக்குக் கேஸ் வேணாம். படிப்பு வேணாம். சீட்டு வேணாம். அந்தப் பொண்ணு உசுரக் குடு. எனக்குக் கேக்கத் தெரியல. யாராவது சொல்லட்டும். யார் வாயிலேர்ந்தாவது வரட்டும்” என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் டிபன் டப்பா கழுவிய அம்மாள் என் முதுகைத் தடவிவிட்டுப் போனார்.

வந்து பெஞ்சில் ஜோதி பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளிடம் எதையும் கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை.

“யக்கா, அவளுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?” என்றாள்.

“எனக்குத் தெரியல ஜோதி. எனக்கு ஒண்ணுமே தெரியல.”

இப்படி நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, “யக்கா, நான் ஒண்ணு சொல்லுதேன். வையாதீங்க. யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா” என்றாள். “வெள்ளிக்கெழம தூரமாயிருமோன்னு மாத்திர போட்டா. அது வராம தள்ளிப்போகுமே, அந்த மாத்திர. மெடிக்கல்ல நான்தான் வாங்கிக் குடுத்தேன். நாலாவது வெள்ளிலேர்ந்து விடாம போடுதா. ஏழு முடியட்டும்னு சொன்னா. ஒண்ணு விட்டா மொதல்லேர்ந்துன்னு நீங்க சொன்னீகள்லா.”

மாத்திரை போட்டு வந்தது சாமி குத்தம் என்று பயந்து என்னிடம் மறைத்திருக்கிறாள். நான் கேள்வி கேட்ட லட்சணத்துக்கு அவள் வேறு எப்படிச் சொல்வாள்? இன்னொன்றும் ஜோதி சொன்னாள். கம்பெனியில் வேலை பார்க்கும் லைனை விட்டுப் பாத்ரூம் போனால் அந்த இடத்தில் நிற்க வேறு ஆள் வரவேண்டும், அதற்குக் காத்திருக்கவேண்டும் என்று பிள்ளைகள் ஷிப்டில் தண்ணீரே குடிக்கமாட்டார்களாம். ஹாஸ்டலில் தினமும் அவர்கள் முகத்தைப் பார்த்தேன், இது எனக்குத் தெரியாது.

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். மாத்திரை விஷயத்தை நான் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எத்தனை நாளா?” என்றார். சொன்னேன். அவர் போனை எடுத்த வேகத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. மூளையிலிருந்து இரத்தம் திரும்பி வரும் குழாயைப் பார்க்கும் வேறு ஸ்கேன் எடுத்தார்கள். குழாயில் இரத்தம் உறைந்து அடைத்திருந்தது. உடனே அதைக் கரைக்கும் மருந்தை ஆரம்பித்தார்கள். இரத்தம் குறைந்த உடம்பு, தண்ணீர் குடிக்காத பழக்கம், அதோடு டாக்டரைக் கேட்காமல் போட்ட மாத்திரை, எல்லாம் சேர்ந்து இப்படி ஆகலாம் என்று பெரிய டாக்டர் விளக்கினார். “மாத்திரை போடற எல்லாருக்கும் வராதும்மா. இவளுக்கு வந்திடுச்சு. இப்பவாவது தெரிஞ்சதே” என்றார்.

முருகன் கேட்டுவிட்டான். கை கழுவும் இடத்தில் நான் கேட்டது ஜோதி வாயிலிருந்து வந்தது. மாரிச்செல்வி பிழைத்தாள். கண் திறந்து, ஜோதியைப் பார்த்து, “ஏட்டி, பஸ் போயிட்டா?” என்று கேட்டாள். நானும் ஜோதியும் சிரித்துச் சிரித்து அழுதோம்.

ஊரிலிருந்து அவள் அம்மா வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “நீ நல்லாருக்கணும் தாயி. எம்புள்ளயக் கொண்டாந்து குடுத்துட்டியே” என்றார். அந்தக் கையை உருவிக்கொள்ள எனக்குத் தைரியமில்லை. நடந்ததை அவரிடம் சொல்லவும் தைரியமில்லை. மாரிச்செல்வி எழுந்து உட்கார ஆரம்பித்த பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேஸ் வேண்டிக்கொண்டதையும் சேர்த்து. “நீங்க சொல்லலன்னாலும் நான் மாத்திர போட்டிருப்பேன்க்கா” என்றாள். நிஜமாகச் சொன்னாளா, எனக்காகச் சொன்னாளா என்று இன்றுவரை தெரியவில்லை.

நடக்கிறாள், பேசுகிறாள். வலது கை விரல்கள் மட்டும் முன்போல் இல்லை. பட்டன் போடச் சிரமப்படுகிறாள். அந்த விரலை வைத்துக்கொண்டு லைன் வேலை பார்க்க முடியாது. கான்ட்ராக்டை நீட்டிக்கவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். பஸ் ஏற்றிவிடப் போனேன். இடது கையால் டாட்டா காட்டினாள். அவள் வேண்டிக்கொண்டது அவளுக்குக் கிடைக்கவில்லை. நான் வேண்டிக்கொண்டது எனக்குக் கிடைத்தது. இதை நினைத்தால் இன்றும் சோறு இறங்குவதில்லை.

ஆமாம், எனக்குக் கிடைத்தது. அந்த ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் போய், என் தப்பைச் சொல்லி, கற்றுக்கொள்ள ஓர் ஓரத்தில் இடம் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார்கள். இப்போது அங்கே உதவியாளராக இருக்கிறேன். வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், கேஸ் என்ற வார்த்தை என் வாயில் வருவதில்லை. சாப்பிடும் மாத்திரை, மாதவிலக்கு, தண்ணீர், தூக்கம் எல்லாவற்றையும் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். இது எனக்கு வயிற்றுப் பாட்டுக்கான வேலையாக மட்டும் இனி இருக்கமுடியாது.

ஹாஸ்டலை விட்டு வருமுன் பிள்ளைகளைக் கூட்டி, ஏழு வெள்ளியில் ஒன்று விட்டால் முதலிலிருந்து என்பது நானாகச் சொன்னது என்று சொன்னேன். வேறு யாராவது அந்த மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டேன். பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு கோயிலுக்குப் போய் ஒரு குருக்களிடமும் கேட்டேன். “யாரும்மா உனக்கு அப்படிச் சொன்னது? வர முடியறப்ப வந்து கும்பிடு, அவ்ளோதான்” என்றார். அப்படிச் சொன்னவளே நான்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இதை எழுதட்டுமா என்று மாரிச்செல்வியிடம் போனில் கேட்டேன். “எம்பேரப் போட்டே எழுதுங்கக்கா. பொம்பளப் பிள்ளைக படிக்கட்டும்” என்றாள். அதனால்தான் கூச்சத்தை விட்டுச் சொல்கிறேன். அக்காமாரே, தங்கைகளே, முருகனை நம்புங்கள். நான் நம்புகிறேன், அவன் கேட்கிறான், அதற்கு ஓர் உயிர் சாட்சியாக இருக்கிறது. ஆனால் அவனைப் பார்ப்பதற்காக யாரையும் கேட்காமல் மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். இந்த வெள்ளி வர முடியவில்லை என்றால் வீட்டில் படுத்து, வயிறு நிறையத் தண்ணீர் குடித்து, ஓய்வெடுங்கள். அடுத்த வெள்ளி வாருங்கள். அவன் எங்கேயும் போய்விடமாட்டான், அங்கேயேதான் நிற்பான்.